நோன்பு மாதத்தில் மத்தியானச் சாப்பாடு

ஜனவரி 20, 2026 – செவ்வாய்

கண்ணாடிக்காகத்தான் போனேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கூவிக்கொண்டு போனார்கள். கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் விரலில் குத்தினார்கள். நானும் நீட்டினேன். ஆறு வருடம் இன்னொருவர் விரலைக் குத்தியவள், எனக்கென்ன பயம்.

268.

நர்ஸ் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். சுகர் உண்டா ஆன்ட்டி என்று இந்தியில் கேட்டாள். எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு இருந்தது என்றேன். வீட்டுக்கு ஒருவருக்குத்தான் வரும் என்று சட்டம் இருக்கிற மாதிரி. சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றும் சொன்னேன். சாப்பிட்டாலும் இவ்வளவு போகக் கூடாது, வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாதச் சராசரி ஒன்று, இரண்டும் லேபில் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

சாயங்காலம் முலுண்டிலிருந்து வேலை முடிந்து வந்த மகள் பரீஹா, "கண்ணுக்கு என்ன சொன்னாங்க உம்மா?" என்றாள். பவர் கூடியிருக்கு என்றேன். பொய்யில்லை.

ஜனவரி 22

அடிக்கடி தாகம் எடுப்பது வெயிலால்.

ஜனவரியில் என்ன வெயில்.

ஜனவரி 25 – ஞாயிறு

டீயில் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போடும்போது கை நின்றுவிட்டது. "ஒண்ணு போதும், வைங்க கீழ." தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பரீஹா தூங்கிக்கொண்டிருந்தாள்.

செத்தவர்கள் குரல் கேட்கும் என்று சொல்வார்கள். எனக்குக் கேட்டது என் குரல். நான் அவங்களிடம், என் வீட்டுக்காரரிடம், பேசின பேச்சு, அதே வேகத்தில், அதே எரிச்சலோடு.

அவங்க போய் வருகிற ஜூனில் இரண்டு வருடம். ஐம்பத்து நாலு வயது. தோல் பர்ஸ் தைக்கிற எங்கள் கார்கானாவுக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அதற்கு முந்தைய ஆறு வருடமும் அவங்களுடைய சர்க்கரைக்கு நான்தான் போலீஸ். மாத்திரை என் கையால், சோறு என் கரண்டி அளவால். மான்குர்தில் ஒரு கல்யாணம். பீட்ரூட் அல்வா இரண்டாவது தடவை வாங்கிவிட்டாங்க என்று தட்டையே பிடுங்கினேன். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேன்: "வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்குத்தான் இந்த வியாதி வரும்." எல்லோரும் சிரித்தார்கள். அவங்களும் சிரித்தாங்க. கைக்குட்டையை எடுத்து விரல் ஒவ்வொன்றாகத் துடைத்தாங்க.

நான் வாயைக் கட்டினவள். கல்யாண வீட்டிலேயே இனிப்பைத் தள்ளிவைக்கிறவள். எனக்கு ஏன்?

அந்தக் கல்யாணத்தில் சிரித்தவர்கள் பாதிப் பேர் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஜனவரி 30

லேபுக்குப் போகவில்லை. அவங்களுடைய பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள், விரல் குத்தும் பேனா, மெஷின். எதையும் தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தேன். மெஷினுக்குப் பேட்டரி மாற்றினேன், தேதி கேட்டது, கொடுத்தேன். மெடிக்கலில் ஸ்ட்ரிப் கேட்டபோது யாருக்கு என்றார் கடைக்காரர். சொந்தத்தில் ஒருவருக்கு என்றேன். என்னைவிடச் சொந்தம் யார்.

விடியற்காலை, வெறும் வயிறு: 187.

மெஷினில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் பழைய எண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். என் எண்ணுக்குப் பின்னால் இருப்பது அவங்களுடையது. அந்தப் பொத்தானைத் தொடவில்லை.

பிப்ரவரி 8 – ஞாயிறு

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று இங்கேயாவது உண்மையைச் சொல்லலாம். ரமலானுக்குப் பதினோரு நாள்தான். போனால் நோன்பு வேண்டாம் என்பார்கள். எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு அந்த வார்த்தையை வாங்கிக் கொடுத்ததே நான்தானே.

2024 ரமலானுக்கு முன்னால் நானே கூட்டிப்போனேன், நானே கேட்டேன், நானே பதிலை வாங்கிக்கொண்டு வந்தேன். சர்க்கரை ஏறி இறங்குகிறது, இந்த வருடம் வேண்டாம் என்றார் டாக்டர். நோன்பு வைக்க மாட்டேன் என்று அவங்களை என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். விடுகிற நோன்புக்குப் பதிலாக முப்பது நாளும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க ஏற்பாடு செய்தேன். மத்தியானச் சாப்பாட்டை டிபனில் போட்டு, வெளியே தெரியாமல் ரெக்ஸின் பைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

முதல் நாள் வாசலில் நின்று சொன்னாங்க, "நோன்பு மாசத்துல ஒரு ஆம்பளைய டிபன் தூக்கிட்டு நடக்க வைக்கிறியே சபுரா."

"நடந்தா நல்லதுன்னுதான் டாக்டரும் சொன்னார்" என்றேன். பதிலடி எனக்கு எப்போதும் ரெடி.

டப்பாவில் மாத்திரை இரண்டு அட்டை மிச்சம். தேதி முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆறு வருடம் நான் எடுத்துக் கொடுத்த மாத்திரை. எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதற்கொரு டாக்டரா?

பிப்ரவரி 12

மூன்று நாள் மாத்திரை. இன்று காலை 131. பாத்தியளா?

யாரைக் கேட்கிறேன்.

பிப்ரவரி 18 – புதன்

சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு பேகம் வாசலில் வந்து கத்தினாள், "லாத்தா, பிறை தெரிஞ்சிட்டு!" கட்டிப்பிடித்துக்கொண்டோம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், இன்னும் பிறைக்குச் சின்னப்பிள்ளை மாதிரி குதிக்கிறாள். நாளைக்கு முதல் நோன்பு.

பிப்ரவரி 19

விடியுமுன் சஹர் சாப்பாட்டின்போது மாத்திரையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வாயில் போட்டேன். பரீஹா பார்க்கவில்லை. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வாப்பா இந்த இடத்துலதான் உக்காருவாங்க" என்றாள்.

ஆமாம். நோன்பு இல்லாவிட்டாலும் அந்த வருடம் சஹருக்கு எழுந்து எங்களோடு உட்காருவாங்க. உங்களுக்குத் துணைக்கு என்பாங்க. இரண்டு வாய் சாப்பிடவும் செய்வாங்க. ஆளுக்கு முந்தி எழுந்து வந்து உட்காருகிறதைப் பார், குழந்தை தோற்றது என்று நான் கிண்டல் செய்வேன்.

இப்படி மறைத்து விழுங்குகிறோமே, இது என்ன நோன்பு என்று ஒரு நினைப்பு வந்தது. சஹர் நேரம் முடியும் முன் விழுங்கியாகிவிட்டது, நோன்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நான் கேட்டுக்கொண்டது அதை அல்ல.

பிப்ரவரி 23 – திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

நாலரை மணி இருக்கும். கார்கானாவில் பர்ஸ் பீஸ்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவங்க இருந்தபோது நான் அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி, இப்போது தினமும் நான்தான் போகிறேன். பதினேழு வரை எண்ணினேன். பிறகு மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. முதுகில் வேர்வை ஊற்றியது. உதடு மரத்துப்போனது. தோல் வெட்டும் கணேசபாண்டியன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவங்களிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். டீக்கு வைத்திருந்த சர்க்கரையை ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் கலக்கி நீட்டினார்.

"குடிங்க மதினி."

"நோன்பு" என்றேன்.

"அண்ணாச்சியும் இதேதான் சொன்னாவ. குடிங்க மொதல்ல."

குடித்தேன். அது எந்த அண்ணாச்சி, எப்போது சொன்னாங்க என்று கேட்கிற தெளிவு அப்போது இல்லை. பையில் மெஷின் இருந்தது, அவரே விரலைக் குத்தினார். 52. கால்மணி நேரம் கழித்து 97. பார்வை தெளிந்த பிறகுதான் கேட்டேன், "எப்ப சொன்னாங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. வெட்டின தோலை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்து இடம் மாற்றினார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தாவ மதினி. அந்த வருசம் நோன்பு மாசம் பூரா, நீங்க குடுத்து விட்ட சாப்பாட்ட நாந்தான் சாப்ட்டேன். மொத நாளு மாட்டேன்னுட்டேன். அப்ப கொட்டிருவேன்னாவ. சோத்தக் கொட்ட மனசு வருமா? ஒரே ஒரு நாளு இப்படித்தான் வேர்த்து விழுந்தாவ. சீனித் தண்ணி குடுத்தேன். அந்த ஒரு நோன்பு போச்சேன்னு அழுதாவ."

"எத்தன நாளு வச்சாங்க?"

"அத்தன நாளும்."

என்னிடம் அவங்க அழுததே இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

பிப்ரவரி 24

பொத்தானை அமுக்கினேன்.

என் எண்கள் முடிந்ததும் அவங்க வந்துவிட்டாங்க. மே, ஏப்ரல், மார்ச் 2024. காலை ஏழு மணி எண்களெல்லாம் நான் எடுத்தவை. சாயங்காலம் நாலு மணி, ஐந்து மணி எண்கள் நான் எடுத்தவை அல்ல. 74. 69. 71. 63. மெஷினையும் பையில் எடுத்துக்கொண்டு போங்க, மயக்கம் வந்தால் பாருங்க என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். சொன்னதைக் கேட்டிருக்காங்க. பார்த்துவிட்டு, நோன்பு திறக்கிற மஃரிப் வரை இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்திருப்பாங்க.

மார்ச் 27, மாலை 4.50: 49. மாலை 5.15: 118. கணேசபாண்டியன் சொன்ன நாள் அது. மறுநாள் நோன்பு நின்றிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் மாலை 66.

ஒவ்வொரு சாயங்காலமும் அந்த எண்ணோடு வீட்டுக்கு நடந்து வந்து எங்களோடு நோன்பு திறக்க உட்கார்ந்திருக்காங்க. கஞ்சிக் கோப்பைக்குக் கையை நீட்டும்போது நான் என்ன சொன்னேன்? "நோன்பு வைக்காதவங்களுக்கு என்ன இவ்வளவு அவசரம்? நோன்பாளிங்க எடுக்கட்டும் மொதல்ல." பேரீச்சம்பழம் ஒன்றே ஒன்று எடுத்து வைப்பேன். இரண்டாவதுக்குக் கை போனால் தட்டிவிடுவேன்.

தட்டிவிட்டேன். பதிமூணு மணி நேரம் பட்டினி கெடந்த மனுசன் கைய. சிரிச்சீங்களே. ஏன் சொல்லல? ஒரு வார்த்த, எங்கிட்ட ஏன் சொல்லல நீங்க?

பிப்ரவரி 25

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். யாரிடம் சொல்வது? என்னிடமா?

பிப்ரவரி 27 – வெள்ளி

நேற்று பரீஹாவிடம் சொன்னேன். சஹருக்கு எழுந்து வந்தவளிடம், எனக்குச் சாப்பாடு வைக்காதே, எனக்கு நோன்பு இல்லை என்று ஆரம்பித்தேன். முகாம், 268, மாத்திரை, கார்கானாவில் விழப்பார்த்தது எல்லாம் சொன்னேன். மாத்திரை என்றதும் கத்தினாள்.

"வாப்பாவோட மாத்திரையா? எக்ஸ்பைரி ஆனதா? பாகல் ஹோ க்யா, பைத்தியமா உம்மா? எனக்கு வேற யாரு இருக்கா?"

திட்டட்டும் என்று இருந்தேன். இந்த வீட்டில் இன்னொருவர் திட்டி நான் கேட்பது புதிதாக இருந்தது. பிறகு அவங்க நோன்பு வைத்ததைச் சொன்னேன். அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். சஹரில் ஒருநாள் வாப்பா உதடு அசைந்து நோன்பு வைக்கிற நிய்யத் சொல்வதைப் பார்த்துவிட்டாளாம். அவங்க வாயில் விரலை வைத்துக் காட்டினாங்களாம். "உம்மாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்னாங்க. நான் சொல்லிருந்தா வாப்பா இருந்திருப்பாங்களோன்னு… ரெண்டு வருஷமா உம்மா."

இரண்டு வருடமாக இந்தப் பிள்ளை என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைத் தூக்கிச் சுமந்திருக்கிறது. என்னிடம் சொல்ல அவளுக்கும் பயம். கணேசபாண்டியனுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. ஒன் மேல தப்பில்லட்டி என்று பத்துத் தடவை சொன்னேன். அவள் நம்பினாளா தெரியவில்லை.

இன்று அவள் லீவு போட்டாள். காலையில் லேப், சாயங்காலம் சயானில் டாக்டரம்மா. மூன்று மாதச் சராசரி 8.6. இது சர்க்கரைதான், சந்தேகமில்லை என்றார். பழைய மாத்திரை அட்டைகளைக் காட்டினதும் அவரும் ஒரு பாட்டம் திட்டினார். அது சர்க்கரையை இழுத்துக் கீழே தள்ளுகிற ரகமாம், பட்டினியோடு ஆகவே ஆகாதாம். வேறு மாத்திரை எழுதினார். இந்த ரமலான் வேண்டாம், கட்டுக்குள் வரட்டும், அடுத்த வருடம் முன்கூட்டியே வாருங்கள், பேசுவோம் என்றார்.

கிளம்பும்போது கேட்டேன். அந்த நோன்புகளால்தான் என் வீட்டுக்காரர் போனாரா? பரீஹாவும் பதிலுக்காக நின்றாள். டாக்டரம்மா, "தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நோன்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து நடந்தது, என்னால் சொல்ல முடியாது" என்றார்.

டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிம்மதியாகிவிடும் என்று நினைத்திருந்தேன் போல. இல்லை, என்னோடுதான் இருக்கப் போகிறது.

மார்ச் 1

காலை 164. சொந்தப் பெயரில் மாத்திரை வாங்கினேன். கடைக்காரர் இந்தத் தடவை யாருக்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 3

மத்தியானம் கார்கானாவிலிருந்து வீட்டுக்கு வந்து, அடுப்படித் திரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எங்கள் பெண்களுக்கு இது புதிதில்லை. மாதாமாதம் நோன்பு விட வேண்டிய அந்த நாட்களில் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறோம். ஆண்கள் கண்ணில் படாமல், பாத்திரம் சத்தம் போடாமல், மசாலா வாசனை வெளியே போகாமல். யாராவது பார்த்துவிட்டாலும் புரிந்துகொண்டு பேசாமல் போய்விடுவார்கள். முப்பது வருடம் அந்தச் சாக்கு இருந்தது. எனக்கு அது நின்று மூன்று வருடமாகிறது, தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஐம்பத்தொரு வயதில் ரமலான் மத்தியானம் சாப்பிடுகிறவளுக்கு என்ன காரணம் இருக்கும்?

சோறு இறங்கவில்லை. அவங்களை டிபனோடு தெருவில் நடக்க விட்டேனே, அது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் வயிற்றுக்குள் புரிந்தது.

மார்ச் 6 – வெள்ளி

வெள்ளிக்கிழமை கார்கானா லீவு. பரீஹா வேலைக்குப் போய்விட்டாள். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால்தான் என்ன விஷயம் என்று எட்டிப் பார்ப்பார்கள். திரைக்குப் பின்னால் போக எழுந்தவள், போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து நடுவீட்டில் உட்கார்ந்தேன்.

இது வீரம் இல்லை. மறைத்துச் சாப்பிட்டால் நாலாவது நாள் மறைத்துப் பட்டினி கிடப்பேன், அதற்கடுத்து மறைத்து விழுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு மருமகள் தண்ணீர்க் குடத்தோடு போனவள் நின்றுவிட்டாள். "என்ன லாத்தா, நோன்பில்லையா?"

"சுகர்" என்றேன்.

வெளியாள் ஒருத்தியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை. குடம் வழிந்து அவள் காலெல்லாம் ஈரம். மாலை அஸர் தொழுகைக்குள் தாராவி முழுக்கத் தெரிந்திருக்கும். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு, வெள்ளரிக்காய். சாப்பிட்டு முடித்தேன். அழுகை வந்தது, அதையும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 10

மளிகைக்கடையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். மான்குர்த் கல்யாணத்தில் சிரித்தவர்களில் ஒருத்தி, எனக்கு மச்சி முறை, "வாயைக் கட்டின ஒனக்கேவா?" என்றாள். சொல்ல வேண்டியவள்தான். ஆமாம் மச்சி, எனக்கேதான் என்றேன்.

சாயங்காலம் நோன்பு திறக்கும்போது பரீஹாவின் தட்டில் நாலு பேரீச்சம்பழம் வைத்தேன். எதற்கு இவ்வளவு என்றாள். சும்மா சாப்பிடு என்றேன்.

மார்ச் 13 – வெள்ளி

காலை 138.

ஒரு மணிக்கு நடுவீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு வாய்கூட ஆகியிருக்காது, பேகம் உள்ளே வந்தாள். துப்பட்டாவுக்குள் என்னவோ மறைத்துப் பிடித்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அதை வெளியே எடுத்தாள். மூடி போட்ட எவர்சில்வர் தட்டு. சோறு, வெண்டைக்காய்.

"ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன் லாத்தா. எனக்கும் சுகர் ஆறு மாசமா இருக்கு. அவுகளுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்த நோன்பு பூரா தலை சுத்திக்கிட்டே கெடக்கேன்."

தட்டைப் பார்த்தேன். மலை மாதிரி சோறு. ஆறு மாதமாக வியாதி இருக்கிறவள் சாப்பிடுகிற அளவா இது, மூளை இருக்கா ஒனக்கு என்று ஒரு வாக்கியம் முழுதாகத் தயாராகி என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை விழுங்கினேன். வெள்ளரிக்காயில் பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"டாக்டர்ட்ட காட்டினியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"திங்கக்கிழமை நான் போறேன். ரெண்டு பேருமாப் போவோம்."

சரி என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ நடந்து போகிற சத்தம். பாதி எழுந்தாள். "கதவ மட்டும் சாத்திரட்டா லாத்தா?"

"வேண்டாம்" என்றேன். "புழுங்கும்."